அந்தப் பலகையில் படுத்துப் போனவர் யார்? பட்டர்வொர்த் படகுத்துறை நினைவாக ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநில அரசின் பொறுப்பாளர்களுக்கும், பட்டர்வொர்த் படகுத்துறையையும் ஃபெரி சேவையையும் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தின் மாக் மண்டினில் பிறந்து வளர்ந்தவன். நாங்கள் இருப்பது பெருநிலத்தில், ஃபெரி ஏறிக் கடல் தாண்டினால் அக்கரையில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன். என் அப்பா பட்டர்வொர்த் படகுத்துறைக்கு வெளியே, பஸ் நிலையத்தை ஒட்டி, கச்சாங் பூத்தே விற்றவர். ஒரு தள்ளுவண்டி. அதன்மேல் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். வறுத்த கடலை, மசாலாக் கடலை, முறுக்கு, ஓமப்பொடி. பழைய டெலிபோன் புத்தகத் தாளைக் கூம்பாகச் சுருட்டி அள்ளிப் போட்டுக் கொடுப்பார். இந்தப் பக்கம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஏறினால், அக்கரை போய்ச் சேரும்போது சரியாகத் தீர்ந்திருக்கும் என்று சொல்வார். அந்தக் காலத்தில் ஃபெரிக்கு இந்தப் பக்கம் ஏறும்போதுதான் காசு. அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது காசு இல்லை. அதனால் எங்கள் வாசலில்தான் சில்லறையோடு நிற்பார்கள், வியாபாரமும் எங்கள் பக்கம்தான் என்பது அவருடைய கணக்கு.

படகுத்துறை சரிந்து விழுந்த 1988 ஜூலை 31 பற்றித்தான் எழுத வந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு விழாக்கூட்டம் ஒரே துறையில் வந்து சேர்ந்தது. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா நடந்துகொண்டிருந்த சமயம். அன்னாள் திருநாள் ஜூலை 26. அதை ஒட்டிய நாட்களில் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து இந்துக்களும் சீனர்களும் அங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் பக்கத்தில் வெகுநாள் வழக்கம். என் அம்மாவும் போவார். அதே நேரத்தில் ஜார்ஜ்டவுனில் குவான் யின் அம்மனுக்கு விழா. அதைப் பார்க்கப் பெருநிலத்திலிருந்து சீனக் குடும்பங்கள் பாட்டி, பேரப்பிள்ளைகளோடு தீவுக்குக் கிளம்பியிருந்தன. பினாங்குப் பாலம் திறந்து அப்போது மூன்று ஆண்டுகூட முடியவில்லை. கார் வைத்திருந்தவர்களுக்குப் பாலம் இருந்தது. மற்றவர்களுக்கு ஃபெரிதான்.

பட்டர்வொர்த்தின் அந்தத் துறைக்குப் பெயர் சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறை. அதன் மேல்தளத்தில் ஆயிரக்கணக்கான பேர் நெருக்கியடித்து நின்றார்கள். மாலை ஐந்து மணி ஆவதற்குச் சற்று முன் அது சரிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 1,600-க்கும் மேல்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வீட்டு வாசலில் நின்று ஆம்புலன்ஸ் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் எண்ண முடியவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. அம்மா ரோட்டு முனைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அப்பா வெளியே பஸ் நிலையத்தின் பக்கம் நின்றதால் தப்பித்தார். முதலில் இடி விழுந்த மாதிரி சத்தம், அப்புறம் புழுதி, அதற்கு அப்புறம்தான் மனிதக் குரல்கள் என்று பல வருடம் கழித்து ஒரே ஒரு முறை சொன்னார். வண்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினவர், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். ஆட்களைத் தூக்கிக்கொண்டு வர எதுவும் கிடைக்கவில்லை. ஜாடிகளை எல்லாம் தரையில் இறக்கி வைத்துவிட்டு, வண்டியின் மேல்பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒரு மலாய் டாக்சிக்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் என்று அப்பாவுக்குத் தெரியாது. பெயர் கேட்க நேரம் இல்லை. இருவரும் எத்தனை நடை நடந்தார்கள் என்பதும் தெரியாது.

கடைசி நடையில் அந்தப் பலகையில் இருந்தவர் ஒரு சீனப் பாட்டி. கையில் மஞ்சள் துணிப்பை, அதில் ஊதுபத்திக் கட்டுகள். வலியில் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தவர் ஆம்புலன்ஸ் வரை விடவில்லை. பலகையிலிருந்து இறக்கினால் வலிக்கும் என்று பலகையோடு அப்படியே ஏற்றிவிட்டார்கள். கதவைச் சாத்தும்போதுதான் பிடி விட்டது. வண்டி போய்விட்டது. பலகையும் போய்விட்டது.

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "அந்தப் பாட்டி என் கையை விடவே இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்துப் புதுப் பலகை அடித்து, மறுபடி அதே இடத்துக்கு வியாபாரத்துக்குப் போனார். வீட்டில் நான்கு பிள்ளைகள், போகாமல் முடியாது. ஆனால் ஒவ்வொரு ஜூலை 31-ஆம் தேதியும் வண்டியை எடுக்க மாட்டார். சட்டை மாற்றிக்கொண்டு, சில்லறையைப் போட்டு ஃபெரி ஏறி, ஜார்ஜ்டவுன் போய், இறங்காமலேயே திரும்பி வருவார். என்னையும் இரண்டு மூன்று முறை கூட்டிப்போயிருக்கிறார். கடலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வளர்ந்த பிறகுதான் புரிந்தது, அவர் பார்த்தது ஏறி இறங்கும் முகங்களை. வயதான சீனப் பெண்கள் யாராவது வந்தால் பார்வை அவர்களோடு கூடவே போகும். பாட்டி பிழைத்தாரா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது? பெயர் தெரியாது, எந்த மருத்துவமனை என்று தெரியாது. கேட்பதற்கு ஓர் இடமும் இல்லை, ஒரு நாளும் இல்லை. கேட்காமலேயே இறந்துபோனார்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் பாகானில் ஒரு காப்பிக்கடையில் ஓய்வுபெற்ற பொம்பாக்காரர் (தீயணைப்பு வீரர்) ஒருவரோடு பேச நேர்ந்தது. பேச்சு எப்படியோ அந்த நாளுக்குப் போயிற்று. அவர் அன்று வேலையில் இருந்தவர், வாலிப வயது. பதக்கம், பாராட்டு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. ஒரு சின்னப் பையனைப் பற்றிப் பேசினார். ஒரு காலில் மட்டும் செருப்பு. இடிபாட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்து, பின்னால் நீண்ட ஏதோ ஒரு கையில் கொடுத்துவிட்டு, உடனே அடுத்த ஆளைத் தேடி உள்ளே போக வேண்டியிருந்தது. அந்தப் பையன் இருந்தால் இப்போது நாற்பதைக் கடந்திருப்பான். பாசாரில் (சந்தையில்) அந்த வயது ஆளைப் பார்த்தால் இவனாக இருக்குமோ என்று தோன்றும் என்றார். காப்பி ஆறிப்போய்விட்டது, அவர் தொடவில்லை.

அதனால்தான் இந்த மடல். தூக்கியவர்களுக்கும் தூக்கப்பட்டவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு தரப்பும் இந்த ஊரிலேயே, ஒரே பாசாரிலும் ஒரே ஃபெரியிலும், அருகருகே நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்து உட்கார வைக்க உங்களால் முடியும். என்னைப் போன்ற ஒருவனால் முடியாது.

ஒவ்வொரு ஜூலை 31-ஆம் தேதியும், அந்தச் சாயங்கால நேரத்தில், படகுத்துறையில் ஒரு கூடல் நடத்துங்கள். இறந்த 32 பேரின் குடும்பத்தார் வரட்டும். காயம்பட்டுப் பிழைத்தவர்கள் வரட்டும். தீயணைப்புப் படையினர், போலீஸ்காரர்கள், இரு கரை மருத்துவமனைகளிலும் அன்று இரவெல்லாம் விழித்த நர்ஸ்களும் டாக்டர்களும், ரத்தம் கொடுக்க வந்தவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், டாக்சிக்காரர்கள், கடைக்காரர்கள், எல்லாரும் வரட்டும். வருகிறவர் எங்கே நின்றார், யாரைத் தூக்கினார், யார் தன்னைத் தூக்கினார் என்று நினைவில் இருப்பதை எழுதி ஒட்ட ஒரு பெரிய பலகை வையுங்கள். மலாயில், சீனத்தில், தமிழில், எந்த மொழியிலும் எழுதட்டும். "ஒரு காலில் செருப்பு, சின்னப் பையன்" என்று ஒருவர் எழுத, "அது நான்தான்" என்று இன்னொருவர் பக்கத்தில் எழுதக்கூடும். பத்து ஆண்டில் ஒரே ஒரு முறை அப்படி நடந்தாலும் எனக்குப் போதும்.

கூடலில் பேச்சு குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்வரிசை நாற்காலிகள் வயதானவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வேண்டும். மாலை மரியாதை, நீண்ட வரவேற்புரை எல்லாம் வேண்டாம். அந்த நேரம் வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் ஃபெரிகள் ஒரு முறை நீளமாக ஊதட்டும். நடுக்கடலில் இருக்கிற பயணிகளுக்கும் அது கேட்கும். ஏன் ஊதுகிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், தாத்தாவோ பாட்டியோ சொல்லட்டும்.

அடுத்தது பெயர்கள். பிள்ளைப் பருவம் முதல் அந்த வழியே போய்வருகிறேன். அந்த 32 பேரின் பெயர் எழுதிய ஒரு கல் என் கண்ணில் பட்டதில்லை. எங்காவது இருந்து நான் பார்க்கத் தவறியிருந்தால், தயவுசெய்து அதை மக்கள் நடக்கிற பாதைக்குக் கொண்டுவாருங்கள். ஃபெரிக்கு ஏறும் வழியில், கண் மட்டத்தில், அவசரமாகப் போகிறவரும் இரண்டு பெயராவது படித்துவிட்டுப் போகிற மாதிரி. ஆனால் ஒன்று. எழுதுவதற்கு முன் ஒவ்வொரு குடும்பத்தையும் நேரில் போய்க் கேளுங்கள். சில வீடுகளில் அந்தப் பெயரைப் பொது இடத்தில் பார்ப்பது ஆறுதல். சில வீடுகளில் அது தினமும் கீறுகிற முள். வேண்டாம் என்கிறவர்களுக்கு எழுத்தில்லாத ஒரு வரியை விட்டுவையுங்கள். அந்த இடைவெளியும் ஒருவருடையது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

கெடாவில் கோத்தா கோலா மூடாவுக்குப் போயிருப்பீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின் நினைவை, உடைந்த மீன்பிடிப் படகுகளையே வைத்து அங்கே காத்துவருகிறார்கள். அந்தச் சுனாமியில் நாட்டில் இறந்தவர்கள் 68 பேர். அதில் 52 பேர் நம் பினாங்கில். அந்தப் படகுகளின் முன்னால் நிற்கும்போது யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. என் மகள் தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். பட்டர்வொர்த்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அன்றுதான் முதலில் நினைத்தேன்.

உதவிக்கு ஓடியவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். இன்றைக்குப் பேரிடர் என்றால் நமக்கு நினைவுக்கு வருகிற ஸ்மார்ட் மீட்புக் குழு 1988-இல் கிடையாது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்த பிறகுதான், 1994-இல் அது உருவானது. தீயணைப்புத் துறையின் பெயரில் "மீட்பு" என்ற சொல்லே 1997-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் நம் படகுத்துறையில் மீட்டவர்கள் பெயரில் இல்லாத வேலையைக் கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள். இன்று இடிபாடுகளில் தேடப் போகிற இளைஞர்கள் நடக்கிற பாதையில் முதலில் நடந்தவர்களில் இவர்களும் உண்டு.

அந்த வேலை எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பது 2018 அக்டோபர் 3-ஆம் தேதி எல்லாருக்கும் தெரிந்தது. பூச்சோங்கில் நீரில் விழுந்த ஓர் இளைஞனைத் தேடிப்போன ஆறு தீயணைப்பு வீரர்கள் திரும்பவில்லை. நாடே அழுதது. உயிரோடு திரும்புகிறவர்களுக்காக நாம் அப்படி அழுவதில்லை. அவர்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். என் அப்பாவுக்குக் கடைசி வரை மரம் முறிகிற சத்தம் ஆகாது. பக்கத்து வீட்டில் கதவு பழுதுபார்த்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அந்தக் காலத்தில் அவரிடம் "எப்படி இருக்கிறாய்?" என்று யாரும் கேட்கவில்லை. சம்பளத்துக்கு அந்த வேலை பார்த்தவர்களிடம் கேட்டார்களா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். காப்பிக்கடையில் சந்தித்த பெரியவர், தன் மனைவியிடம்கூட அந்தப் பையனைப் பற்றிச் சொன்னதில்லை என்றார்.

அவர்களிடம் இப்போதாவது கேளுங்கள். கேட்டு, பதிவு செய்யுங்கள். அன்று இருபத்தைந்து வயதில் ஓடிவந்தவர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். நாற்பதில் ஓடிவந்தவர்களில் பலர், என் அப்பாவைப் போல, போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளை அனுப்புங்கள், ஒலிப்பதிவுக் கருவியோடு. மலாய் தெரிந்த ஒருவர், ஹொக்கியன் தெரிந்த ஒருவர், தமிழ் தெரிந்த ஒருவர் என்று சேர்ந்து போகட்டும். நம் அப்பா, தாத்தாக்கள் தம் மொழியில்தான் அழுவார்கள். இதை 2028 வரை தள்ளிப்போட வேண்டாம். அது நாற்பதாம் ஆண்டு, பெரிதாகச் செய்யலாம் என்று யாராவது சொல்லக்கூடும். செய்யுங்கள். ஆனால் பதிவு வேலை இந்த ஆண்டே தொடங்கட்டும். முதியவர்கள் நாற்பதாம் ஆண்டுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் கிளறினால் மறுபடி யாரையாவது குற்றம் சொல்ல வேண்டிவருமோ என்ற தயக்கம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அன்றைய காரணங்களை ஆராய அரச விசாரணை ஆணையமே அமைக்கப்பட்டது. நான் வழக்கு நடத்த வரவில்லை. ஆனால் கூட்டம் எவ்வளவு தாங்கும், எத்தனை பேரை மேலே விடலாம், எப்போது வாசலைச் சாத்த வேண்டும் என்ற கேள்விகள் அந்த 32 பேரோடு சேர்ந்தே நினைவில் இருக்க வேண்டியவை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். செபராங் பிறையிலிருந்து காவடியும் பால்குடமும் பிள்ளைகளுமாக எத்தனை குடும்பங்கள் இந்தத் துறை வழியாகத்தான் கடல் தாண்டுகின்றன! அந்த நாளில் வாசலில் நிற்கிற இளம் ஊழியர் "கொஞ்சம் பொறுங்கள், அடுத்த ஃபெரி" என்று கை காட்டினால் நம்மவர்கள் கோபித்துக்கொள்வார்கள். நானும் கோபித்திருக்கிறேன். அவருக்குப் பின்னால் சுவரில் அந்தப் பெயர்கள் இருந்திருந்தால் கோபித்திருக்க மாட்டேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை முதல் நாள் அந்தச் சுவரின் முன் நிறுத்தி நடந்ததைச் சொல்லுங்கள். எதற்காக அங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்கு அப்புறம் மறக்காது.

இப்போது அந்த இடம் நிறைய மாறிவிட்டது. பழைய ஃபெரிகள் 2020-இன் கடைசியோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்திக்கொண்டன. 2023 ஆகஸ்ட் முதல் புது ஃபெரிகள் ஓடுகின்றன, உள்ளே குளிர்சாதனம், சீக்கிரம் போய்விடுகிறது. பினாங்கு சென்ட்ரல் வந்து, பஸ்சும் ரயிலும் ஃபெரியும் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்துவிட்டன. அப்பா வண்டி நிறுத்திய இடத்தை இப்போது என்னாலேயே சரியாகக் காட்ட முடியவில்லை. மாற்றம் நல்லதுதான், என் அம்மா வயதில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவோ சுலபம். ஆனால் பழைய தூண், பழைய படி, பழைய கைப்பிடி எதுவும் இல்லாத இடத்தில் நினைவு ஒட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால்தான் கல்லும் எழுத்தும் கேட்கிறேன்.

அப்பா போன பிறகும் ஜூலை 31-ஆம் தேதி நான் ஃபெரி ஏறுவதை விடவில்லை. போன முறை மகளையும் கூட்டிப்போனேன். ஒரு பொட்டலம் கடலை வாங்கிக் கொடுத்தேன். புது ஃபெரி வேகமாகப் போவதால் அக்கரை வந்தும் பாதி மிச்சம் இருந்தது. இந்த முறையும் வருவேன். அந்தக் கூடல் இன்னும் தொடங்கியிருக்காது. அதுவரை, இந்த மடலைப் படிக்கிற யாருக்காவது தெரிந்திருக்கலாம் என்பதால் அந்தப் பலகையின் அடையாளத்தை எழுதிவைக்கிறேன்.

ஏறக்குறைய ஐந்தடி நீளம். சாதாரண மரம், ஓரத்தில் மட்டும் பச்சைச் சாயம் பூசியது. ஜாடிகள் நகராமல் இருக்க ஒரு பக்கம் சின்னக் கட்டை அடித்திருக்கும். அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய ஒரு பிள்ளையார் சுழி, அது நான் கீறியது, அதற்காக அப்பாவிடம் அடியும் வாங்கினேன். 1988 ஜூலை 31 மாலை ஒரு பாட்டியை அதில் வைத்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். கையில் மஞ்சள் துணிப்பை இருந்தது. அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதைப் படித்தால், பாட்டி வீட்டுக்கு வந்தாரா என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பிடித்துக்கொண்டிருந்த கை என் அப்பாவுடையது.

அன்புடன்,
மாக் மண்டின் கச்சாங் பூத்தேக்காரரின் மகன்